சிறு துளைத் துப்பாக்கியும் சீரான குறியும்



ஹைதராபாத் நகரின் மேற்கே மாதாப்பூர் என்றொரு பகுதி உண்டு. கற்பாறைக் குன்றுகளும் புதர்க் காடுமாய்க் கிடந்த அவ்விடத்தில் 1998-ஆம் ஆண்டு சைபர் டவர்ஸ் என்னும் கட்டடம் திறக்கப்பட்டது. அது முதற்கொண்டு கணினித் தொழிலை நாடிப் பல மாநிலத்தாரும் அங்கே வந்து குடியேறினர். அவர்களுள் தமிழர் தொகை சிறிதன்று. மாதாப்பூரில் வாழும் தமிழன்பர் ஒருவர் ஓய்வு நாளன்று சில கல் தொலைவு சென்றால் கச்சிபௌலியை அடைவார். அங்குள்ள துப்பாக்கி சுடும் தளத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பர். உள்ளே சென்று கண்டவர் சிலரே. விளையாட்டு என்றால் ஓட்டமும் ஆட்டமும் ஆரவாரமும் என்று எண்ணுகிறவர்க்கு அங்கே காணத்தக்கது ஒன்றும் இல்லை எனத் தோன்றும். ஒருவர் அசையாமல் நிற்கிறார். மெல்லிய ஓசை ஒன்று எழுகிறது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒரு தாளில் சிறு துளை விழுகிறது. அவ்வளவே. ஆயினும் அந்தத் துளை விழவேண்டிய இடத்தில் விழுவதற்காக மனிதன் நூறாண்டுகளுக்கு மேல் செய்துவந்த ஆராய்ச்சி வியப்புக்குரியது. அவ்வரலாற்றை இன்று சுருக்கமாகக் காண்போம்.

நம்மில் பலர் கல்லூரிப் பருவத்தில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து, முகாமில் தரையிற் படுத்து, 'பாயிண்ட் டூ டூ' என்று வழங்கும் .22 ரைபிளால் ஐந்து குண்டுகள் சுட்டிருப்போம். மாணவர் படை 1948-இல் தோன்றியது. அன்று நாம் கையிலேந்திய எளிய துப்பாக்கியும், ஒலிம்பிக் போட்டியில் வீரர் ஏந்தும் எட்டுக் கிலோ எடைவரை செல்லும் விலையுயர்ந்த துப்பாக்கியும் ஒரே வகைத் தோட்டாவைச் சுடுகின்றன. ஒன்று கையகல வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளையும் இட்டாலே நமக்கு மகிழ்ச்சி. மற்றொன்று ஒரு சட்டைப் பொத்தானுக்குள் இடவேண்டும். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே நம் கேள்வி.

முதலில் தோட்டாவின் கதையைக் கேட்போம். 1845-ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்துத் துப்பாக்கிக் கம்மியர் லூயி நிக்கோலா ஃபுளோபேர் என்பவர் வீட்டுக் கூடத்திலேயே இலக்குப் பழகுவதற்கென ஒரு சிறு தோட்டாவை அமைத்தார். அதில் வெடிமருந்து தனியே இல்லை. தட்டினால் வெடிக்கும் பொட்டு மருந்து ஒன்றே குண்டைத் தள்ளியது. 1857-இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தார் அத்துடன் சிறிது வெடிமருந்தையும் சேர்த்து .22 ஷார்ட் என்பதை வெளியிட்டனர். 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய .22 லாங் ரைபிள் என்பதே இன்றளவும் உலகெங்கும் போட்டிகளில் வழங்கிவருகிறது. இத்தோட்டாவின் அடிப்புறம் மெல்லிய பித்தளை விளிம்பாக மடிந்திருக்கும். அம்மடிப்புக்குள் பொட்டு மருந்து பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியவுடன் மருந்து தீப்பற்றும். ஆகையால்தான் இதற்கு ரிம்ஃபயர், அதாவது விளிம்பில் வெடிப்பது, என்று பெயர்.

இவ்வமைப்பில் ஒரு வசதியும் ஒரு கட்டுப்பாடும் சேர்ந்தே உள்ளன. தோட்டா மலிவானது; உதைப்பு மிகக் குறைவு; ஓசையும் சிறிது. எனவே நகர்ப்புறத்துக் கழகங்களில் பழகுவதற்கு ஏற்றதாயிற்று. தென்னாப்பிரிக்கப் போரில் தம் வீரர்கள் குறி பார்ப்பதில் பின்தங்கியதைக் கண்ட ஆங்கிலேயர், 1901-இல் சிறு துப்பாக்கிக் கழகங்களின் சங்கம் ஒன்றை நிறுவிப் பொதுமக்களைப் பழக்கலாயினர். 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இத்துப்பாக்கிக்குத் தனிப் போட்டிகளும் இடம்பெற்றன. கட்டுப்பாடு யாதெனில், பெரிய துப்பாக்கிக்காரர் தம் தோட்டாவைத் தாமே மருந்து நிறுத்து இட்டுக்கொள்ளலாம். தம் துப்பாக்கிக்கு ஏற்றபடி மாற்றலாம். ரிம்ஃபயர்த் தோட்டாவில் அது இயலாது. தொழிற்சாலை கொடுத்ததைக் கொடுத்தபடியே சுடவேண்டும். மாற்ற வழியில்லை, தேர்ந்தெடுக்க மட்டுமே வழியுண்டு. இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால், சிறு துளைத் துப்பாக்கியைச் செம்மைப்படுத்தும் கலை முழுவதும் விளங்கிவிடும். தோட்டாவைத் துப்பாக்கிக்கு இணக்க முடியாதபோது, துப்பாக்கியைத் தோட்டாவுக்கு இணக்கவேண்டும்.

எவ்வளவு நுட்பம் வேண்டும் என்பதைச் சிறு கணக்கால் காணலாம். ஐம்பது மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். அதிலிருந்து எட்டு மில்லிமீட்டர் விலகினால் ஒரு புள்ளி போகும். குண்டின் எடை சுமார் 2.6 கிராம், குழல் வாயை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. இது ஒலியின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவு. வேண்டுமென்றே அவ்வாறு வைத்திருக்கின்றனர். ஒலியைக் கடந்து விரைந்து, பிறகு வேகங்குன்றி ஒலியெல்லையை மீண்டும் கடக்கும் குண்டு தடுமாறும். ஐம்பது மீட்டரைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய நொடியில் ஆறில் ஒரு பங்கு. அதற்குள் புவியீர்ப்பு அதனைப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அளவு கீழே இழுத்துவிடுகிறது. ஒரு தோட்டாவுக்கும் மற்றொன்றுக்கும் வேகத்தில் ஐந்து மீட்டர் வேறுபட்டால், குண்டு விழும் இடத்தில் நான்கு மில்லிமீட்டர் அளவு வேறுபாடு காணும். அது தசமக் கணக்கில் அரைப் புள்ளி. வீரர் ஒரு பிழையும் செய்யாதபோதே இழக்கும் அரைப் புள்ளி அது.

ஆகவே செம்மைப்படுத்தும் வேலையில் முதலிடம் தோட்டாத் தேர்வுக்கே உரியது. ஒரே தொழிற்சாலையில், ஒரே பெயரில், ஒரே விலையில் வரும் தோட்டாக்களும் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். ஒவ்வொரு பெட்டியிலும் தொகுதி எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மனியில் ஷோனபெக் என்னும் ஊரிலும் பிற இடங்களிலும் உள்ள தோட்டாத் தொழிற்சாலைகளில் இதற்கெனச் சோதனைத் தளங்கள் உள்ளன. வீரரின் துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுகப் பூட்டி, மனிதக் கை படாமல், தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்க்கின்றனர். எந்தத் தொகுதி மிகச் சிறிய கூட்டமாகத் துளையிடுகிறதோ அதையே வீரர் வாங்கிச் சேமித்துக்கொள்கிறார். பக்கத்துத் துப்பாக்கிக்கு அதே தொகுதி ஒவ்வாமற் போகவும் கூடும்.

இங்கே நம் நாட்டினர்க்குத் தனியான இடர் ஒன்று உண்டு. வெடிமருந்தின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. ஐரோப்பியக் குளிரில் சோதித்த தோட்டா தக்காணத்துச் சித்திரை வெயிலில் சற்று விரைந்தே செல்லும். ஆதலால் அங்கே தேர்ந்ததை இங்கே கொணர்ந்து மறுபடியும் சோதித்தல் வேண்டும். தோட்டாப் பெட்டியை வெயிலில் வைத்துவிட்டுக் குறி தவறியதே என்று வருந்துதல் பேதைமை.

அடுத்தது குழல். அதன் நீளம் அறுபத்தைந்து சென்டிமீட்டர் அளவில் இருக்கும். உட்புறத்தில் சுருள்போன்ற வரிப்பள்ளங்கள் ஓடும். ஏறத்தாழ நாற்பது சென்டிமீட்டருக்கு ஒரு முறை அவை முழுச் சுற்றுச் சுற்றிவருவதால், குண்டு நொடிக்கு எண்ணூறு சுற்று என்னும் விரைவில் பம்பரம்போற் சுழன்று வெளிப்படுகிறது. அச்சுழற்சியே அதனைத் தடம் பிறழாமற் காக்கிறது. குழலில் மிக முக்கியமான இடம் அதன் வாய். குண்டைக் கடைசியாகத் தொட்டு வழியனுப்புவது அதுதான். வாயின் ஓரத்தில் ஒரு சிறு கீறல் இருந்தால், குண்டின் பின்னே பீறிடும் வாயு ஒரு பக்கம் முந்தி வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். எத்தனையோ நல்ல துப்பாக்கிகள் எதிரியால் கெட்டதில்லை. துப்புரவுக் கோலை வாய்ப்புறமாக முரட்டுத்தனமாய் நுழைத்த உரிமையாளராலேயே கெட்டன. ஆகையால் கோலைப் பின்புறமிருந்து, வழிகாட்டிக் குழாயினூடே செலுத்தவேண்டும் என்பது அனுபவசாலிகள் கூறும் முதற்பாடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொட்டு மருந்தின் உப்புக் கசடு குழலைத் துருவேற்றியது. ஆகவே சுட்டவுடன் கழுவுதல் கட்டாயமாயிருந்தது. 1920-களில் துருவேற்றாத மருந்து வந்தபின் அக்கட்டாயம் தளர்ந்தது. ஈயக் குண்டின்மேல் பூசிய மெழுகு குழலில் மெல்லிய படலமாய்ப் படிந்தபின்னரே குறி நிலைப்படும் என்பதும், தோட்டாவின் வகையை மாற்றினால் புதுப் படலம் படியும்வரை பல குண்டுகளை வீணாக்க நேரும் என்பதும் பிற்பாடு தெளிந்த உண்மைகள்.

மூன்றாவது, கட்டையும் இரும்பும் சேரும் இடம். பழைய துப்பாக்கிகளுக்கு வால்நட் மரத்தில் கட்டை செய்தனர். மரம் உயிரற்றதாயினும் உணர்வற்றதன்று என்று சொல்லத் தோன்றும். மழைக்காலத்தில் ஈரம் குடித்து விம்மும், கோடையில் உலர்ந்து சுருங்கும். சென்னையின் கடற்காற்றில் இறுக்கிய திருகு, ஹைதராபாத்தின் வறண்ட காற்றில் தளரும். திருகு தளர்ந்தால் குழல் ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு விதமாய் அமரும். இதனை நீக்க, இரும்பு அமரும் பள்ளத்தில் எபாக்சிப் பசையை ஊற்றி அச்செடுத்ததுபோல் இறுகச் செய்யும் முறை வந்தது. பின்னர் அலுமினியக் கட்டைகள் பரவின. திருகினைக் கைக்கணக்கில் முறுக்காமல், முறுக்கு விசையை அளந்து காட்டும் சாவியால் முறுக்கி, அவ்வளவைக் குறித்து வைத்துக்கொள்வதே இன்றைய வழக்கம். திருகின் இறுக்கத்தைச் சிறிது மாற்றினாலே துளைகளின் கூட்டம் விரிவதும் சுருங்குவதும் கண்கூடு.

நான்காவதாகச் சொல்லவேண்டியது அதிர்வு. வீணையின் தந்தியை மீட்டினால் அது துடிப்பதுபோல, தோட்டா வெடித்தவுடன் குழலும் துடிக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத துடிப்பு அது. 1901-ஆம் ஆண்டிலேயே ஆங்கில அறிஞர் மாலக் என்பவர் துப்பாக்கிக் குழல்களின் அதிர்வைப் பற்றி ராயல் சொசைட்டியின் ஏட்டில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். நம் இஷாப்பூர்த் தொழிற்சாலையிலும் செய்யப்பட்ட லீ என்ஃபீல்டு துப்பாக்கி, அருகில் அவ்வளவு நேர்த்தியாய்ச் சுடாமல், ஆயிரம் கஜத்தில் எதிர்பார்த்ததைவிட நன்றாய்ச் சுட்டது அக்காலத்தாரை வியப்பில் ஆழ்த்தியது. காரணம் இதுவே: குழல் வாய் மேலெழும்பிக்கொண்டிருக்கும் தருணத்தில் குண்டு வெளியேறினால், விரைந்த குண்டு முந்தி, சற்றுத் தாழ்ந்த வாயினின்றும் செல்கிறது, மெதுவான குண்டு பிந்தி, சற்று உயர்ந்த வாயினின்றும் செல்கிறது. மெதுவான குண்டு வழியில் அதிகம் தாழுமாதலால், ஒரு குறிப்பிட்ட தொலைவில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஒரு பிழையை மற்றொரு பிழை ஈடுசெய்கிறது. அத்தொலைவு ஆயிரம் கஜமாயிராமல் ஐம்பது மீட்டராக அமையுமாறு செய்யலாகாதா என்பதே பின்வந்தோர் எண்ணம். குழல் வாயில் ஒரு சிறு எடையைப் பொருத்தி, திருகாணிபோல் முன்னும் பின்னும் நகர்த்தி, அதிர்வின் காலத்தை மாற்றும் கருவியை அதற்கெனப் பயன்படுத்துகின்றனர். வீணைக்காரர் பிரடையைத் திருகிச் சுருதி கூட்டுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

கடைசியாக விசை. அதனை இழுக்கும் முயற்சியே துப்பாக்கியை அசைத்துவிடலாகாது. போட்டித் துப்பாக்கியின் விசை, தொட்டால் விடுபடும் அளவுக்கு மென்மையாகவும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவிலும் விடுபடவேண்டும். இவ்வேலையைத் தேர்ந்த கம்மியரிடம் ஒப்படைப்பதே முறை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமம் பெற்றே இத்துப்பாக்கியை வைத்திருத்தல் இயலும் என்பதையும் மறத்தலாகாது.

இத்தனை மாற்றங்களுக்கும் பொது விதி ஒன்று உண்டு. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்று, பத்துக் குண்டுகள் சுடு, எழுதி வை, பிறகு அடுத்ததை மாற்று. மூன்றை ஒருங்கே மாற்றினால் நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்பது யாருக்கும் விளங்காது. பொறுமையற்றவர் எவ்வளவு பொருள் செலவிட்டாலும் துப்பாக்கியைச் செம்மை செய்ய இயலாது.

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். மக்களவையின் முதல் தலைவரான ஜி. வி. மாவ்லங்கரின் முயற்சியால் 1951-இல் இந்திய தேசிய ரைபிள் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஹரிஹர் பானர்ஜி சிறு துளை ரைபிளுடன் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். பின்னர் நெடுங்காலம் பதக்கம் எட்டாக் கனியாகவே இருந்தது. 2010-ஆம் ஆண்டு மியூனிக்கில் நடந்த உலகப் போட்டியில், ஐம்பது மீட்டர்ப் படுத்த நிலைச் சுடுதலில் கோலாப்பூர்ப் பெண்மணி தேஜஸ்வினி சாவந்த் 600-க்கு 597 எடுத்து உலக வாகையர் ஆனார்.

ஹைதராபாத்தின் பங்கு இங்கே சிறப்பானது. 2003-ஆம் ஆண்டு ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டி அந்நகரில் நடைபெற்றபோது, இருபது வயதே ஆன ககன் நாரங் காற்று ரைபிளில் தங்கம் வென்றார். இவர் ஹைதராபாத் வீரர் என்பது பலருக்கும் தெரியும். பிறந்தது சென்னையில் என்பது சிலருக்கே தெரியும். பஞ்சாபியர் குடும்பத்தில், தமிழ் மண்ணிற் பிறந்து, தெலுங்கு நாட்டில் வளர்ந்தவர் அவர். 2006, 2010 ஆகிய இரு காமன்வெல்த் போட்டிகளிலும் நந்நான்கு தங்கம் பெற்றார். அவற்றுட் பாதி, நாம் இதுகாறும் பேசிவந்த ஐம்பது மீட்டர் ரிம்ஃபயர் ரைபிளால் பெற்றவை. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் காற்று ரைபிளில் வெண்கலம் வென்றார்.

அதே லண்டனில் இன்னொரு இந்தியர் இருந்தார். கல்கத்தாவைச் சேர்ந்த ஜாய்தீப் கர்மாகர் படுத்த நிலைச் சுடுதலில் 699.1 புள்ளி பெற்று நான்காமவரானார். மூன்றாமவரான ஸ்லோவீனிய வீரர் டெபெவெட்ஸ் பெற்றது 701.0. இடைவெளி 1.9 புள்ளி. இறுதிச் சுற்றின் அளவில் கணக்கிட்டால், எழுபது குண்டுகளில் எல்லாம் சேர்ந்து ஒன்றரைச் சென்டிமீட்டர்! அது தோட்டாவில் இருந்ததா, காற்றில் இருந்ததா, விரலில் இருந்ததா என்று யாரால் கூறமுடியும்? துப்பாக்கியைச் செம்மைப்படுத்துவதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. கருவி தவறுமோ என்ற ஐயம் உள்ளவரை வீரர் தம் பிழையை அறியமாட்டார். ஒவ்வொரு தவறுக்கும் துப்பாக்கியையே குறை கூறுவார். கருவியின் குற்றங்களை ஒவ்வொன்றாய் நீக்கிய பிறகே தம் குற்றம் தனித்து நிற்கும். தனித்து நிற்பதைத் திருத்தலாம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் அக்குறை நீங்கியது. 2024 ஆகஸ்ட் முதல் நாள், பாரிஸ் ஒலிம்பிக்கின் ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளியுடன் வெண்கலம் பெற்றார். கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிற் பிறந்து, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணிபுரிந்தவர் அவர். சிறு துளை ரைபிளில் இந்தியா கண்ட முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஹெல்சிங்கியிலிருந்து எண்ணினால் எழுபத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு.

தமிழகத்தை விட்டு வெளியே வாழும் நேயர்களுக்கு இறுதியாக ஒரு செய்தி. கடலூரிற் பிறந்து, சிறு வயதிலேயே குஜராத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் காற்று ரைபிளில் தங்கம் வென்றார். அவர் பழகியது ஆமதாபாத்தில், ககன் நாரங் தொடங்கிய பயிற்சிக் கழகத்தில். சென்னையிற் பிறந்து வெளியே சென்ற பஞ்சாபியர் ஒருவரின் அனுபவம், கடலூரிற் பிறந்து வெளியே சென்ற தமிழ்ப் பெண்ணுக்குக் கைகொடுத்தது. பிறந்த ஊரின் காற்று வேறு, வாழும் ஊரின் காற்று வேறு. திருகு தளர்கிறதா என்று அவ்வப்போது பார்த்து, அளவறிந்து இறுக்கிக்கொள்வோர்க்கு எந்த ஊரிலும் குறி தவறுவதில்லை. மாதாப்பூரில் வாழும் அன்பர்கள் தம் பிள்ளைகளை ஒரு நாளேனும் கச்சிபௌலிக்கு அழைத்துச் சென்று, அந்த அமைதியான விளையாட்டைக் காட்டுவார்களாக.